அனுப்பிய எழுத்துக்கு ஒரு பதிவேடு



கதை, கவிதை, கட்டுரை எழுதும் பழக்கம் நம் நாட்டில் பலருக்கு உண்டு. பள்ளி ஆசிரியர், அலுவலகப் பணியாளர், குடும்பத் தலைவி, கல்லூரி மாணவர் எனப் பல நிலையினரும் ஓய்வு நேரத்தில் எழுதுகின்றனர். எழுதியதைப் பத்திரிகைகளுக்கு அனுப்புகின்றனர். எப்படி எழுத வேண்டும் என்பது பற்றிப் பேசுவோர் பலர். எழுதியதை அனுப்பிய பின்னர்ச் செய்ய வேண்டுவது யாது என்பது பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அந்தச் சிறு பொருளைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

எதை எழுதினோம், எப்போது அனுப்பினோம், எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினோம், என்ன விடை வந்தது, எந்த இதழில் வெளிவந்தது என்பனவற்றை ஒழுங்காகக் குறித்து வைக்கும் ஏட்டையே இங்குப் பதிவேடு என்கிறேன். இதனைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிக்கக்கூடும். “எழுத்து உள்ளத்தில் ஊறுவது, பேரேடு குமாஸ்தாவின் வேலை, இரண்டுக்கும் என்ன உறவு?” என்று வினவக்கூடும். உறவு உண்டு. உள்ளத்தில் ஊறியது தாளில் இறங்கி, வீட்டை விட்டு வெளியே புறப்பட்ட கணமே அது ஒரு பொருளாகிவிடுகிறது. பொருள் எதுவாயினும் அது தவறிப்போகும், மறந்துபோகும், பிறர் கையில் தங்கிவிடும். ஆதலின், அதற்குக் கணக்கு வேண்டும்.

கணக்கு எழுதி வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. சோழர் காலத்தில் அரசன் வாயால் பிறந்த ஆணை, அந்தச் சொல்லோடு நின்றுவிடவில்லை. அதனைக் கேட்டு எழுதுவதற்கும், எழுதியதை ஒப்புநோக்குவதற்கும், வரிப்பொத்தகத்தில் ஏற்றுவதற்கும் அதிகாரிகள் இருந்தனர். ஆனைமங்கலச் செப்பேட்டில் அவர்களுடைய பதவிகளும் பெயர்களும் வரிசையாக நிற்கின்றன. பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர் என்று விதிக்கிறது. ஊர்ப் பொதுவுக்கு இத்துணைக் கணக்கு வைத்த மரபில் வந்த நாம், நம் சொந்த எழுத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம்கூட வைத்துக்கொள்வதில்லை.

பள்ளிக்கூட அலுவலகத்தை அறிந்தவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். அங்கு ஒரு கடிதம் வந்தால் அதற்குத் தன் பதிவேட்டில் ஓர் எண் கிடைக்கிறது. அதன்மேல் எடுத்த நடவடிக்கை அந்த எண்ணுக்கு நேரே எழுதப்படுகிறது. விடை அனுப்பினால் அனுப்புகைப் பதிவேட்டில் நாளும் முகவரியும் ஏறுகின்றன. பத்து ஆண்டு கழித்து ஒருவர் வந்து கேட்டாலும், “இந்த நாளில் இன்னாருக்கு இன்ன விடை அனுப்பப்பட்டது” என்று ஐந்து நிமிடத்தில் கூறிவிடலாம். இதற்கு அறிவுக்கூர்மை வேண்டுவதில்லை. அன்றன்று எழுதும் பழக்கம் ஒன்றே போதும்.

பதிவேட்டுக்கு முன்னே சொல்ல வேண்டுவது ஒன்று உண்டு. அது நகல். நகல் இல்லாத எழுத்துக்குப் பதிவேடு இருந்து பயனில்லை. தொலைந்தது என்று குறித்து வைக்கத்தான் அது உதவும். இதற்கு அறிவியல் வரலாற்றில் மனத்தை வருத்தும் சான்று ஒன்று இருக்கிறது. அது நம் நாட்டு மண்ணிலேயே தொடங்கியது.

ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்பவர் 1811ஆம் ஆண்டில் எடின்பரோவில் பிறந்தவர். பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்க்கு ஆசிரியராக இருந்தார். வாயுவின் நுண்துகள்கள் இடைவிடாது ஓடி ஒன்றோடொன்று மோதுவதால்தான் அழுத்தமும் வெப்பநிலையும் தோன்றுகின்றன என்ற கொள்கையை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். 1845ஆம் ஆண்டின் இறுதியில் அதனை லண்டன் ராயல் சங்கத்துக்கு அனுப்பினார். அதனைப் படித்துக் கருத்துரைத்தவர்களில் ஒருவர் அது வெறும் பிதற்றல் என்று ஒதுக்கிவிட்டார். கட்டுரையின் சுருக்கம் மட்டும் 1846இல் வெளிவந்தது. முழுக் கட்டுரையை அச்சிடவும் இல்லை. திருப்பி அனுப்பவும் இல்லை. சங்கத்தில் படிக்கப்பட்ட கட்டுரை சங்கத்தின் உடைமை என்பது அக்கால வழக்கம். வாட்டர்ஸ்டன் கையிலோ நகல் இல்லை.

அவர் தம் கருத்துகளைப் பின்னர் வேறு இடங்களில் சுருக்கமாக எடுத்துரைத்துப் பார்த்தார், எவரும் செவிசாய்க்கவில்லை. அதே துறையில் மாக்ஸ்வெல் போன்றோர் தாமே ஆராய்ந்து பெரும்புகழ் பெற்றனர். 1883இல் வாட்டர்ஸ்டன் ஒரு நாள் வீட்டை விட்டு வெளியே சென்றவர் திரும்பி வரவில்லை. எட்டு ஆண்டு கழிந்து, 1891இல், ராயல் சங்கத்தின் செயலாளராக இருந்த ராலே பிரபு பழைய ஏடுகளினிடையே அக்கட்டுரையைக் கண்டெடுத்தார். 1892இல் சங்கத்தின் சொந்த இதழிலேயே அது முழுமையாக அச்சாயிற்று. அது உரிய காலத்தில் வெளிவராமையால் அந்தத் துறையின் வளர்ச்சியே பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தங்கியிருக்கலாம் என்று ராலே தம் முன்னுரையில் வருந்தினார்.

இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, எழுதியவர் தம்மிடம் ஒரு நகல் வைத்திருந்தால் அந்தக் கட்டுரை வேறொரு சங்கத்துக்கோ வேறொரு நாட்டுக்கோ அவ்வாண்டே போயிருக்கும். இரண்டாவது, கட்டுரையை மறுத்த சங்கம் அதனை எறிந்துவிடவில்லை. ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது. அந்த ஒழுங்கினால்தான் நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பின்னராவது உண்மை வெளிப்பட்டது. பதிவு வைத்தல் எழுதுவோர்க்கும் உரியது, பெறுவோர்க்கும் உரியது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டா.

நகல் எடுத்தால் மட்டும் போதுமா? அதனை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயின் மனைவி, 1922ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கணவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவருடைய கையெழுத்துப் பிரதிகளை ஒரு பெட்டியில் வைத்துப் பாரிஸ் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே பெட்டி களவுபோயிற்று. கார்பன் தாளில் எடுத்த நகல்களும் அதே பெட்டியில்தான் இருந்தன. தப்பியவை இரண்டொரு கதைகளே. அவற்றுள் ஒன்று ஏன் தப்பியது தெரியுமா? அந்தச் சமயத்தில் அது ஒரு பத்திரிகை ஆசிரியரின் பார்வைக்காக அனுப்பப்பட்டிருந்தது! மூலமும் நகலும் ஒரே பெட்டியில் உறங்கக்கூடாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய விதி. வீட்டில் ஒன்று இருந்தால், மற்றொன்று உடன்பிறந்தார் வீட்டிலோ நம்பிக்கைக்குரிய நண்பரிடமோ இருக்கட்டும்.

இனி, பதிவேட்டை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

கோடு போட்ட, கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குக. அதனை இரு பகுதியாகப் பிரித்துக்கொள்க. முற்பகுதி படைப்புகளுக்கு, பிற்பகுதி பத்திரிகைகளுக்கு.

முற்பகுதியில் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்க வேண்டும். ஒரு கதை ஒரு பத்திரிகைக்கு மட்டும் போவதில்லை. திரும்பி வந்து, மீண்டும் வேறிடம் புறப்படுவது. அதற்கு இடம் வேண்டும் அன்றோ? பக்கத்தின் தலைப்பில் வரிசை எண், படைப்பின் பெயர், வகை, எழுதி முடித்த நாள், பக்க அளவு, எந்தப் பெயரில் எழுதியது என்பவற்றைக் குறிக்க. புனைபெயர் இருந்தால் அதையும் எழுதுக. மொழிபெயர்ப்பாயின் “மொழிபெயர்ப்பு” என்றும், தழுவலாயின் “தழுவல்” என்றும், மூல ஆசிரியர் பெயரோடு மறவாமல் எழுதுக. இதன் அவசியத்தைச் சிறிது பின்னர்க் கூறுவேன்.

அதன்கீழ் ஐந்து கட்டங்கள். முதற்கட்டத்தில் அனுப்பிய இதழ்; இரண்டாவதில் அனுப்பிய நாள்; மூன்றாவதில் அனுப்பிய வழி; நான்காவதில் விடை வந்த நாள்; ஐந்தாவதில் விடை. அனுப்பிய வழி என்னும் கட்டத்தில் சாதாரணத் தபாலா, விரைவுத் தபாலா, மின்னஞ்சலா என்பதையும், ரசீது இருந்தால் அதன் எண்ணையும் எழுத வேண்டும். பதிவுத் தபால் என்னும் பழைய முறை 2025ஆம் ஆண்டில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் ரசீதின் பயன் மாறவில்லை. அந்தச் சிறு தாளை அதே பக்கத்தில் ஒட்டிவிடுவது நல்லது. சட்டைப் பையில் இருந்தால் அது சலவைக்குப் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். எண் 14; “மழைக்குப் பின்”; சிறுகதை; ஒன்பது பக்கம்; தை மாதம் முடித்தது. முதல் வரியில், ஒரு மாத இதழுக்குப் பிப்ரவரி 3ஆம் நாள் தபாலில் அனுப்பியது. ஏப்ரல் 20இல் திரும்பியது. “நீளம் மிகுதி” என்று ஆசிரியர் குறிப்பு. இரண்டாம் வரியில், ஏழு பக்கமாகச் சுருக்கி, ஒரு வார இதழுக்கு மே 2ஆம் நாள் மின்னஞ்சலில் அனுப்பியது, விடை இல்லை, ஆகஸ்டு 5இல் நினைவூட்டு, ஆகஸ்டு 19இல் ஏற்பு. இந்த இரண்டு வரிகளைப் படிப்பவர்க்கு அந்தக் கதையின் பயணம் முழுவதும் கண்முன் நிற்கிறது. அச்சில் வந்தது ஒன்பது பக்கக் கதையா, ஏழு பக்கக் கதையா என்ற ஐயமும் பின்னாளில் எழாது.

பிற்பகுதியில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு பக்கம். அதன் முகவரி, ஏற்கும் படைப்பின் அளவு, விடையளிக்கும் காலம், சன்மானம் உண்டா என்பது, நாம் அனுப்பிய படைப்புகளின் எண்கள் ஆகியவை அங்கு இருக்கட்டும். ஒரே பத்திரிகைக்கு ஒரே கதையை இருமுறை அனுப்பும் பிழை இதனால் தவிரும். முன்பு எதை அனுப்பினோம் என்று பார்த்து, அடுத்து எதை அனுப்பலாம் என்று முடிவு செய்யவும் முடியும். வீட்டுக்கு முன்வாயிலும் கொல்லைவாயிலும் இருப்பதுபோல, படைப்பின் பெயரால் தேடினாலும் பத்திரிகையின் பெயரால் தேடினாலும் செய்தி கிடைக்கும்.

பதிவேட்டுக்கு மூன்று விதிகள் போதும். அனுப்பிய அன்றே எழுதுக; நாளை எழுதலாம் என்று விட்டது எழுதப்படுவதில்லை. எழுதியதை அழிக்காதே, பிழை நேர்ந்தால் ஒரு கோடு இட்டு, அருகில் திருத்தி எழுதுக. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் அதனைப் புரட்டிப் பார்க்க. இந்த அரைமணி நேரத்தில்தான் எந்தக் கதை யாரிடம் எவ்வளவு நாளாக இருக்கிறது என்பது தெரியவரும்.

விடை வராத படைப்பை என்ன செய்வது? பத்திரிகை தன் அறிவிப்பில் காலம் குறித்திருந்தால் அந்தக் காலம் முடியும்வரை காத்திருத்தல் முறை. குறிக்கவில்லையாயின், மூன்று மாதம் காத்திருந்து ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதலாம். அதில் மனக்குறை வேண்டா; கெஞ்சுதலும் வேண்டா. “இன்ன தலைப்புள்ள சிறுகதையை இன்ன நாளில் அனுப்பியிருந்தேன். அது தங்கள் பரிசீலனையில் உள்ளதா என அறிய விரும்புகிறேன்” என்ற இரண்டு வாக்கியம் போதும். தேதியோடு கேட்பவர்க்கு விடையளிப்பது ஆசிரியர்க்கும் எளிது. “சென்ற ஆண்டு எப்போதோ ஒரு கதை அனுப்பினேன்” என்று எழுதுபவர்க்கு எவரும் விடை கூற இயலாது. அதற்கும் விடை வராவிடின், இன்ன நாளோடு அந்தப் படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு, அந்த நாளையும் குறித்துக்கொண்டு, வேறிடம் அனுப்பலாம்.

இங்கே நேர்மை பற்றிய ஒரு செய்தியும் உண்டு. ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்புவதைப் பெரும்பாலான தமிழ்ப் பத்திரிகைகள் விரும்புவதில்லை. இரண்டிலும் அது வெளிவந்துவிட்டால், எழுதியவர்மீது இரு ஆசிரியர்களும் நம்பிக்கை இழப்பர். இவ்வாறு செய்வோரில் பலர் வேண்டுமென்று செய்வதில்லை; முதலில் அனுப்பியதை மறந்துவிட்டே மீண்டும் அனுப்புகின்றனர். மறதியால் செய்ததென்று பத்திரிகை ஆசிரியர் அறிய வழியில்லை. பதிவேடு அந்த மறதியை நீக்கி, எழுதுவோரின் நற்பெயரைக் காக்கிறது.

அடுத்து, திரும்பி வந்த படைப்பைப் பற்றிச் சில சொற்கள். கதை திரும்பியவுடன் மனம் தளர்வது இயல்பே. பதிவேடு வைக்காதவர்க்கு அந்தத் தளர்ச்சி, “நான் எழுதுவது எதுவும் தேறாது” என்ற முடிவாக வளர்ந்துவிடுகிறது. பதிவேடு வைத்தவர்க்கோ அது ஒரு கட்டத்தில் எழுதும் ஒரு வரி. அதற்குக் கீழே அடுத்த வரிக்கு இடம் காத்திருக்கிறது.

அமெரிக்க நாவலாசிரியர் ஜாக் லண்டன், குளோண்டைக் என்னும் பனிப் பிரதேசத்தில் பொன் தேடப் போய், 1898இல் வெறுங்கையோடு திரும்பியவர். வறுமையோடு போராடிக்கொண்டே எழுதி எழுதி அனுப்பினார், பெரும்பாலானவை திரும்பின. எது எங்கே போயிற்று, எது திரும்பியது, எது விற்றது என்பவற்றையெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் குறித்துவந்தார். அந்த நோட்டுகள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1899 ஜனவரியில் அவருடைய கதை ஒன்றை ஒரு மாத இதழ் வெளியிட்டு ஐந்தே டாலர் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் “அட்லாண்டிக்” என்ற புகழ்மிக்க இதழில் அவர் கதை வந்தது.

ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு என்ற மற்றோர் எழுத்தாளர், 1919இல் நியூயார்க்கில் தங்கியிருந்தபோது, தமக்கு வந்த 122 மறுப்புச் சீட்டுகளையும் அறைச் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். அவரே பின்னாளில் ஒரு பெரிய பேரேடு வைத்துக்கொண்டார். வெளிவந்த கதைகளின் பட்டியலும், ஆண்டுதோறும் எழுத்தால் கிடைத்த வருவாயும் அதில் அவர் கையெழுத்திலேயே உள்ளன. அது தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சுவரில் குத்திய சீட்டுகள் மனத்தின் வேதனையைக் காட்டின. பேரேடோ ஒரு தொழிலின் நிலையைக் காட்டியது. சீட்டுகளைக் கண்டு வருந்தலாம். பேரேட்டைக் கண்டு கற்கலாம். ஓராண்டுப் பதிவைப் படித்துப் பார்த்தால், எந்த வகை எழுத்து நமக்குக் கைவருகிறது, எந்த இதழ் நம்மை விரும்பிப் படிக்கிறது, “நீளம் மிகுதி” என்ற குறிப்பு எத்தனை முறை வந்திருக்கிறது என்பன தாமே புலப்படும்.

ஏற்கப்பட்ட படைப்புக்குப் பதிவு வேண்டா என்று எண்ணிவிடலாகாது. அதற்குத்தான் இன்னும் மிகுதியாக வேண்டும். வெளிவந்த இதழின் நாள், பக்கம், சன்மானத் தொகை, அது கிடைத்த நாள், நாம் கொடுத்த உரிமை யாது என்பன எழுதப்பட வேண்டும். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையைப் பிறர்க்கு மாற்றிக் கொடுப்பது எழுத்து வடிவில், கையொப்பத்தோடு இருத்தல் வேண்டும். 1994இல் செய்த திருத்தத்தின்படி, அந்த எழுத்தில் காலம் குறிப்பிடாவிடின் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிடின் இந்தியா முழுமைக்கும் என்றும் கொள்ளப்படும். ஆகவே, எந்த நாளில் எந்தத் தாளில் கையொப்பமிட்டோம் என்பதை அறியாதவர், தம் கதையைத் தாமே நூலாக்கவும் தயங்க நேரும். ஒருமுறை எழுதிவைத்த குறிப்பு அந்தத் தயக்கத்தைப் போக்கும்.

வானொலியில் பேசுவோரும் இதனைக் கருதுதல் நன்று. அச்சில் வந்தது எங்கேனும் ஒரு நூலகத்தில் கிடைக்கும். காற்றில் போன பேச்சுக்கு, பேசியவரிடமுள்ள பிரதியும் ஒலிபரப்பிய நாளும்தான் பெரும்பாலும் சான்று.

படைப்பாளியின் வாழ்நாள் முடிந்த பின்னரும் பதிவேட்டின் வேலை முடிவதில்லை. சட்டப்படி, நூலின் உரிமை ஆசிரியர் மறைந்த பின் அறுபது ஆண்டுவரை அவர் வாரிசுகளுக்கு நிற்கிறது. ஆனால், எவையெல்லாம் அவர் எழுதியவை என்றே தெரியாவிடின் உரிமை இருந்து என்ன பயன்?

தமிழ் இலக்கியத்தில் இதற்குச் சான்றுகள் உண்டு. பாரதியார் 1921இல் மறைந்தார். சொந்தப் பெயரில் எழுதியதோடு, ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் முதலிய புனைபெயர்களிலும், பெயரே இல்லாமலும் பத்திரிகைகளில் எழுதியவர் அவர். அடக்குமுறைக்கு அஞ்சாது ஊர்விட்டு ஊர் சென்று வாழ்ந்த அந்தப் பெருமகனார் பேரேடு வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. ஆயினும் அது இல்லாமையால் பின்வந்தோர் பட்ட பாடு பெரிது. சீனி. விசுவநாதன் அவர்கள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுப் பழைய இதழ்களைத் தேடி, பாரதியின் எழுத்துகளைக் காலவரிசைப்படுத்தினார். அது 23 தொகுதிகளாக நிறைவுபெற்று, 2024 டிசம்பர் 11ஆம் நாள் வெளியிடப்பட்டது. கவிஞர் மறைந்து நூற்று மூன்று ஆண்டுகள் கடந்த பின்னர்!

புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவரும் பல புனைபெயர்களில், பல பத்திரிகைகளில் எழுதியவர். நூல்களில் சேராத அவருடைய எழுத்துகள் ஐம்பது ஆண்டு கழித்தே, 1998இல், “அன்னை இட்ட தீ” என்ற தொகுப்பாக வந்தன. அவர் மறைவுக்குப் பின் வெளியான நூல்களில் தழுவல் கதைகள் சில சொந்தக் கதைகளோடு கலந்து நின்றமையால், அவர் பிறர் கதையைத் தமதாக்கிக்கொண்டார் என்ற பழியும் எழுந்தது. மறுமொழி கூற அவர் இல்லை. அவர் பொருட்டுப் பிறர் வாதாட நேர்ந்தது. “தழுவல்” என்ற ஒற்றைச் சொல், கதையின் பெயருக்கு நேரே ஒரு நோட்டில் இருந்திருந்தால், அந்த வாதமே எழுந்திராது. படைப்பின் வகையை மறவாமல் எழுதுக என்று முன்பு வற்புறுத்தியது இதனால்தான்.

பெரியோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று இது. என்னோடு பணிபுரிந்த தமிழாசிரியர் ஒருவர் முப்பது ஆண்டு காலம் கதைகள் எழுதினார். அவர் காலமான பின் அவர் மகள் அவற்றை நூலாக்க விரும்பினார். வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதில் இதழ்களிலிருந்து கத்தரித்த பக்கங்கள் இருந்தன; எந்த இதழ், எந்த ஆண்டு என்ற குறிப்பு இல்லை. கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. எவை வெளிவந்தவை, எவை வராதவை என்பது தெரியவில்லை. சில கதைகளுக்கு முதற் பக்கம் மட்டும் இருந்தது. அந்தப் பெண் விடுமுறை நாட்களிலெல்லாம் நூலகங்களுக்குச் சென்று தேடினார். தந்தையின் பெயரைக் கண்ட இடத்தில் மகிழ்ந்தார். புனைபெயரில் வந்தவற்றை அவரால் அறியக்கூட முடியவில்லை. நூல் வந்தது, ஆனால், தந்தை எழுதியவற்றில் அது எத்தனை பங்கு என்பதை அவர் எவரிடமும் கேட்டறிய இயலாது. ஒரு நோட்டுப் புத்தகம் அந்தப் பெட்டியில் இருந்திருப்பின், அந்த மகளின் பாதித் துயர் தீர்ந்திருக்கும்.

இக்காலத்து இளைஞர்கள், “எல்லாம் மின்னஞ்சலில் தாமே பதிவாகின்றனவே, நோட்டு எதற்கு?” என்று கேட்பர். மின்னஞ்சல் அனுப்பிய நாளைக் காட்டும் என்பது உண்மையே. ஆனால், கடவுச்சொல் மறந்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். கைப்பேசி பழுதானால் அதிலுள்ள கோப்பும் பழுதாகும். நமக்குப் பின் வீட்டார் அதனைத் திறந்து பார்க்க வழி அறியார். கணினியில் அட்டவணை அமைத்து எழுதுவதையும் நான் வரவேற்கிறேன்; தேடுவதற்கு அது மிக எளிது. கோப்புகளுக்குப் பெயரிடும்போது “கதை”, “புதிய கதை”, “கடைசிக் கதை” என்று இடாமல், பதிவேட்டு எண்ணையும் தலைப்பையும் எத்தனையாவது திருத்தம் என்பதையும் சேர்த்து இடுக. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்த அட்டவணையை அச்செடுத்து, தைத்து வைக்க. தாளில் உள்ளதைப் படிக்கக் கண் ஒன்று போதும்.

பத்திரிகை நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். சிறு இதழாயினும் வந்த படைப்புக்கு ஓர் எண் கொடுங்கள். வந்த நாளையும் முடிவையும் குறித்து வையுங்கள். ஏற்க இயலாவிடின் ஒரு வரியில் தெரிவியுங்கள். தொலைவில் ஒரு சிற்றூரில், தபால்காரரின் மணியொலிக்கோ கைப்பேசியின் சிற்றொலிக்கோ காத்திருக்கும் ஒருவர், அந்த வரியைப் பெற்றால்தான் தம் கதையை அடுத்த இடத்துக்கு அனுப்ப முடியும். விடையின்மையே மறுப்பைக் காட்டிலும் அவரை மிகுதியாக வருத்துகிறது.

இதுவரை பதிவேடு வைக்காதவர்கள், பழையவற்றையெல்லாம் தேடி எழுதிய பின்னரே தொடங்குவோம் என்று காத்திருக்க வேண்டா. இன்று கையில் உள்ள படைப்புக்கு எண் 1 இட்டுத் தொடங்குக. பழையவற்றுக்குப் பின்பக்கங்களில் இடம் விட்டு, ஓய்வு கிடைக்கும்போது நினைவுக்கு வருவனவற்றை ஏற்றுக. நாள் தெரியாத இடத்தில் ஆண்டை மட்டும் எழுதுக. ஆண்டும் தெரியாவிடின் இதழின் பெயரை எழுதுக. குறையுள்ள பதிவும் பதிவு இன்மையினும் மேலானது. நோட்டின் முதற் பக்கத்தில் உங்கள் பெயரையும் புனைபெயர்களையும், நகல்கள் இருக்கும் இடத்தையும் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.